வந்தவங்க ராத்திரி எங்கே தங்குறாங்க?



இந்த மாதப் பாடம் பிச்சாவரத்தைப் பற்றியது. "அது நமக்குத் தெரிஞ்ச ஊராச்சே" என்று ஒதுக்கிவிடாதீர்கள். காட்டைப் பார்க்க வருகிறவர்கள் எங்கே தங்குகிறார்கள், அவர்கள் செலவு செய்யும் பணம் யாருக்குப் போகிறது என்பதுதான் இன்றைய கேள்வி.

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் இந்தச் சதுப்புநிலக் காடு இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வரக் காரணமான தில்லை மரம் இன்றும் இங்கே வளர்கிறது. 2004 சுனாமியின்போது அலையின் வேகத்தைத் தடுத்து, பின்னால் இருந்த ஊர்களைக் காத்ததும் இந்தக் காடுதான். 2022ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

ஆனால் வருகிறவர்களில் பலர் என்ன செய்கிறார்கள்? சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் வண்டியில் வந்து, படகில் சுற்றி, டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கோயிலும் ரயில் நிலையமும் சிதம்பரத்தில் இருப்பதால் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

தூரத்து ஊர் ஒன்று

ஆப்பிரிக்காவின் தெற்கே போட்ஸ்வானா நாட்டில் சோபே ஆற்றங்கரையில் கசானே என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. யானைக் கூட்டங்களுக்குப் பேர்போன சோபே தேசியப் பூங்காவுக்கு அதுதான் வாசல். அங்கே வருகிறவர்களில் பலர் ஒரே நாளில் திரும்புவதில்லை. விடியற்காலையில் ஜீப்பில் போனால் மிருகங்களை நன்றாகப் பார்க்கலாம். சாயங்காலம் யானைகள் தண்ணீர் குடிக்க வருவதைப் படகில் இருந்து பார்க்கலாம். இரண்டையும் பார்க்க ராத்திரி தங்குவதே வசதி. பெரிய விடுதி, சின்ன வீட்டு விடுதி, கூடாரம் போடும் இடம் என்று எல்லா வசதிக்காரருக்கும் அங்கே இடம் உண்டு. பூங்காவுக்குள் உள்ள ஒரு விடுதியில் ஜீப் ஓட்டி, படகு செலுத்தி, மிருகங்களைக் காட்டும் வழிகாட்டிகள் அனைவரும் பெண்கள்!

நமக்கு யானை இல்லை. ஆனால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெளிநாட்டுப் பறவைகள் வருகின்றன. பறவையைப் பார்க்கவும் காலையும் மாலையும்தான் நல்ல நேரம். அப்படி வருகிறவர்களுக்கு, அரசு சுற்றுலா விடுதியோடு நம்ம வீட்டு அறையும் ஒரு வழியாகலாம். இதைத்தான் ஹோம்ஸ்டே என்கிறார்கள்.

கணக்கு போடுவோம்

இது எடுத்துக்காட்டு மட்டும். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே பாருங்கள். நாலு பேர் உள்ள ஒரு குடும்பம் ஒரு ராத்திரி தங்குகிறது.

வரவு: அறை ரூ.1,000, ராத்திரி மீன் சாப்பாடு ரூ.480, காலை டிபன் ரூ.240. மொத்தம் ரூ.1,720.
செலவு: மீன், மளிகை, கேஸ் ரூ.420, கரண்ட், துணி வெளுக்க ரூ.150, வேலை செய்பவருக்குக் கூலி ரூ.300. மொத்தம் ரூ.870.
மிச்சம்: ரூ.850. மாதம் 6 ராத்திரி ஆள் வந்தால் ரூ.5,100.

இப்போது கவனியுங்கள். 3 லட்சம் கடன் வாங்கிப் புது அறை கட்டினால், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் 36 மாதத் தவணை என்றால், முதல் மாதம் அசல் ரூ.8,333, வட்டி ரூ.3,000 கட்டணும். வருவதோ ரூ.5,100. மீதியை எங்கிருந்து கொண்டு வருவது? கழிமுகக் கரையோரம் புதுசாகக் கட்ட, கடலோர ஒழுங்குமுறை விதிகளையும் பார்க்க வேண்டும். அதே சமயம், இருக்கிற அறைக்கு நல்ல கழிப்பறையும் கொசுவலையும் போட ரூ.40,000 உள்கடன் எடுத்து 20 மாதத்தில் கட்டினால், முதல் மாதத் தவணை ரூ.2,400தான். ஆகவே முதலில் சமையல், அடுத்து இருக்கிற அறை, கடைசியில்தான் கட்டடம். இந்த வரிசையை மாத்தாதீங்க.

தொடங்கும் முன் கவனிக்க

• மத்திய சுற்றுலாத் துறையின் ஹோம்ஸ்டே திட்டத்தில் 1 முதல் 6 அறை வரை உள்ள வீட்டைப் பதிவு செய்யலாம். வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும்.
• சாப்பாடு விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு அவசியம்.
• தங்குகிறவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை நகல் பதிவேட்டில் இருக்கணும். வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும்.
• முதலில் குடும்பமாக வருகிறவர்களுக்கு மட்டும் கொடுங்கள். மது கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ராத்திரியில் ஒரு பெண் தனியாகக் கவனிக்க வேண்டாம், இரண்டு உறுப்பினர் இருங்கள்.
• பணம் வாங்கியதும் ரசீது. அது யார் கைக்கு, எந்தக் கணக்குக்குப் போகும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே வேலை தொடங்கட்டும்.
• பிளாஸ்டிக் கழிவு வாய்க்காலில் போகக் கூடாது. காடு கெட்டால் ஆளும் வராது, இறாலும் கிடைக்காது.

குழுக் கூட்டத்தில் பேச

1. மார்கழி ஆருத்ரா தரிசனம், ஆனித் திருமஞ்சனம், மகா சிவராத்திரி நாட்டியாஞ்சலி சமயங்களில் சிதம்பரத்தில் அறை கிடைப்பது கடினம். அந்த நாட்களில் நம்மால் என்ன கொடுக்க முடியும்?
2. நம்ம குழுவில் வெளியாள் தங்கக்கூடிய அறையும் சுத்தமான கழிப்பறையும் எத்தனை வீட்டில் இருக்கு?
3. ஒரு மாதம் முழுக்க ஆளே வராவிட்டால், தவணையை எப்படிக் கட்டுவோம்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள்.