தொழுநோயும் ஊனத் தடுப்பும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், பொள்ளாச்சியை நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்துள்ள சிற்றூர் கோவிந்தாபுரம். முதலமடையின் மாந்தோப்புகள் அதன் சுற்றுப்புறம். இப்பகுதியில் தமிழ் பேசும் கூலித் தொழிலாளர் பலர் வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவரின் முழங்கையருகே வெளிறிய தேமல் ஒன்று தோன்றுகிறது என்று கொள்வோம். அது அரிப்பதில்லை, வலிப்பதில்லை, வேலைக்கும் இடையூறு செய்வதில்லை. ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவரைக் காண அவருக்குக் காரணம் ஏதும் தென்படாது. ஓராண்டு கழித்து, சுண்டுவிரல் மடங்கத் தொடங்கிய பின் அவர் வருவாராயின், கிருமியை ஒழித்துவிடலாம். கையை முழுமையாக மீட்பது அரிது. தொழுநோய்ப் பணியின் இன்றைய சிக்கல் பெரும்பாலும் இந்தக் காலத்தாழ்விலேயே அடங்கியுள்ளது எனலாம்.

நோயும் மருந்தும்

தொழுநோய் பரம்பரை நோயன்று. முற்பிறவித் தீவினையின் பயனுமன்று. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873 இல் கண்டறிந்த ஒரு நுண்கிருமியே இதற்குக் காரணம். மருத்துவம் பெறாத நோயாளியுடன் நெடுங்காலம் நெருங்கிப் பழகுவோருக்கு இது மூச்சுக்காற்றின் துளிகள் வாயிலாகப் பரவக்கூடும். எனினும் மக்களுள் மிகப் பெரும்பாலோருக்கு இதனை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையாகவே உண்டு.

1981 இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் ஆகிய மருந்துகளை நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ உட்கொண்டால் நோய் குணமாகிறது. மருந்து இலவசம். சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குப் பரவும் தன்மை நீங்கிவிடுகிறது.

1983 இல் தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது, 10,000 பேருக்கு ஏறத்தாழ 58 நோயாளிகள் இருந்தனர். 2005 டிசம்பரில் நாட்டளவில் அவ்விகிதம் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. ஆயினும் 2023 இல் இந்தியாவில் 1 லட்சத்திற்கு மேற்பட்டோர் புதிய நோயாளிகளாகக் கண்டறியப்பட்டனர். இது உலக எண்ணிக்கையில் பாதிக்கு மேலாகும். அதே ஆண்டில் உலகெங்கும் 9,700க்கு மேற்பட்டோர், முதன்முறையாகக் கண்டறியப்படும்போதே கண்ணுக்குப் புலப்படும் ஊனத்துடன் இருந்தனர். மருந்து கிடைக்கின்றது, மக்கள் காலத்தில் வந்து சேரவில்லை என்பதே இதன் பொருள்.

ஊனம் நேரும் விதம்

விரல்களைக் கிருமி நேரடியாக ‘தின்றுவிடுகிறது’ என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. இதனைத் திருத்தியதில் தமிழகத்திற்குப் பெரும் பங்கு உண்டு. 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், நோயாளிகளின் கைகளை நாள்தோறும் கூர்ந்து கவனித்தார். இறுகிய பூட்டை விரல் கிழியத் திறந்தவரும் உண்டு. சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கியவரும் உண்டு. உறக்கத்தில் எலி கடித்ததைக்கூட அறியாதோர் இருந்தமையால், நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுக்கும் வழக்கமும் ஏற்பட்டது. வலி என்னும் காவலன் இல்லாமையே விரல்களின் இழப்புக்குக் காரணம் என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

1948 முதல் வேலூரில் தசைநாண்களை இடம் மாற்றி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை வளர்ந்தது. 1955 இல் அருகிலுள்ள கரிகிரியில் ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் செங்கற்பட்டு அருகே திருமணியில் மைய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது.

தடுப்பின் படிகள்

முதற்படி, நரம்புகளைச் சோதித்தல். முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் செல்லும் நரம்புகளே பெரிதும் தாக்கப்படுகின்றன. பேனா முனையால் தொட்டு உணர்ச்சியையும், விரல்களை விரிக்கச் செய்து வலுவையும் சுகாதார ஊழியர் அறியலாம். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை.

இரண்டாவது, நரம்பு வீக்கத்தை உடனே கவனித்தல். சிகிச்சையின்போதோ அதன் பின்னரோ நரம்பில் வலி, புதிய மரமரப்பு, தளர்ச்சி தோன்றலாம். இது ‘எதிர்வினை’ எனப்படும். ஆறு மாதங்களுக்குள் மருத்துவரின் மேற்பார்வையில் பிரட்னிசோலோன் கொடுத்தால் இழந்த உணர்ச்சி திரும்ப வாய்ப்புண்டு. எதிர்வினை கண்டதும் கூட்டு மருந்தை நிறுத்திவிடுவது தவறு.

மூன்றாவது, தற்காப்பு. உணர்ச்சியற்ற கை கால்களை நாள்தோறும் சுமார் 20 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலை மெல்லத் தேய்த்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவ வேண்டும். மாலையில் பாதங்களைப் பார்த்துக் காயம், கொப்புளம், முள் இருக்கின்றனவா எனத் தேட வேண்டும். பாதப் புண்ணுக்கு ஓய்வே சிறந்த மருந்து. எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான ரப்பர் செருப்பு பாதத்தைக் காக்கும். சரியாக மூடாத கண்ணையும் தூசியினின்று காத்தல் வேண்டும்.

நான்காவது, சீரமைப்பு அறுவை சிகிச்சை. இதனை மேற்கொள்வோருக்குக் கூலியிழப்பை ஈடுசெய்ய 12,000 ரூபாய் உதவித்தொகை வழங்கப்படுகிறது.

இழிவு நீங்கல்

சீரமைக்கப்பட்ட கையும் சமூகம் வேலை தந்தாலன்றிப் பயன் தராது. அறுவை சிகிச்சையால் நேரான கைகள், பிச்சை எடுக்கவும் உதவவில்லை, வேலையும் பெற்றுத் தரவில்லை என்று பிராண்டிடம் நோயாளிகள் முறையிட்டதுண்டு. இதன் விளைவாகவே 1951 இல் வேலூரில் தொழிற்பயிற்சி தரும் ‘நவஜீவ நிலையம்’ தோன்றியது.

சட்டமும் மெல்ல மாறி வந்துள்ளது. நோயாளிகளைப் பிரித்து வைக்க வகை செய்த 1898 ஆம் ஆண்டுச் சட்டம் 2016 இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொழுநோயிலிருந்து குணமானோரையும் தன் பாதுகாப்பில் சேர்த்தது. 2019 இல் ஐந்து தனிநபர் சட்டங்களிலிருந்து, மணமுறிவுக்குத் தொழுநோய் ஒரு காரணம் என்னும் விதி அகற்றப்பட்டது. ஆனால் ஏட்டில் மறைந்த இழிவு உள்ளத்தில் நீடிக்கும் வரையில், நோயாளி தேமலை மறைப்பார்; மறைத்தால் தாமதம்; தாமதித்தால் ஊனம்; ஊனத்தைக் காணும் சமூகம் மேலும் அஞ்சும். இச்சுழலை அறுக்க வேண்டிய இடம், முதல் தேமலேயாகும்.

எல்லைப்புறத்தின் தேவை

கேரளத்தில் 2018 இல் தொடங்கிய ‘அசுவமேதம்’ இயக்கத்தில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று தேமல்களைத் தேடினர். இத்தகைய தேடல் கோவிந்தாபுரம் போன்ற ஊர்களில் இருவகையில் தனிக் கவனம் கோருகின்றது. முதலாவது, மொழி. மரத்துப் போதலையும் தேமலையும் மக்கள் தம் தாய்மொழியிலேயே சொல்ல இயலும். ஆகவே வினாக்களும் துண்டறிக்கைகளும் தமிழிலும் அமைதல் வேண்டும். இரண்டாவது, இடப்பெயர்வு. கம்பம், போடி வட்டாரங்களிலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் சென்று மீளும் தொழிலாளர் போன்றோர், பகலில் வீட்டில் இரார். அவர்களைத் தோட்டத்திலோ மாலை வேளையிலோதான் காண முடியும். ஒரு மாநிலத்தில் மருந்து தொடங்கியவர் மறு மாநிலத்திற்குச் சென்றால், அவருடைய சிகிச்சை அட்டையும் நரம்புச் சோதனைக் குறிப்பும் அவருடன் செல்ல வேண்டும்.

இத்திட்டத்தின் வெற்றியைக் குணமானோர் தொகையால் மட்டும் அளத்தல் போதாது. புதிதாகக் கண்டறியப்படுவோருள் எத்தனை பேர் ஊனமின்றி வந்தனர் என்பதே சரியான அளவுகோல். உழைத்துண்ணும் குடும்பத்திற்குக் கையே முதல். அம்முதலைக் காப்பதற்கு ஆகும் செலவு, ஒரு பேனா முனையும் சில நிமிட விசாரணையும் மாத்திரமே.