மீட்புப் பணிக்குத் தனி அலைவரிசை

தீயணைப்போர், காவலர், ஆம்புலன்ஸ் பணியாளர் ஆகியோரின் ஆற்றல் அவர்களுடைய கருவிகளில் மட்டும் அடங்கியதன்று. ஒருவருக்கொருவர் உடனுக்குடன் செய்தி சொல்லிக்கொள்ளும் வசதியிலும் அது அடங்கியுள்ளது. அவ்வசதி அற்றுப்போனால் துணிவும் பயிற்சியும் பாதிப் பயனே தரும். அமெரிக்க ஐக்கிய நாடு இவ்வுண்மையைப் பெரும் விலை கொடுத்து அறிந்தது. பின்னர் மீட்புப் பணியாளருக்கெனக் கம்பியில்லா அகன்ற அலைவரிசை வலையமைப்பு ஒன்றைத் திட்டமிட்டு நிறுவியது. அத்திட்டம் உருவான முறையைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிவது பயன் தரும் எனக் கருதி, ஈண்டு சுருக்கமாகக் கூறுகிறோம்.

தேவை எழுந்த விதம்

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் நகரின் உலக வர்த்தக மையக் கோபுரங்கள் இரண்டும் விமானங்களால் தாக்கப்பட்டன. தெற்குக் கோபுரம் முதலில் இடிந்து விழுந்தது. வடக்குக் கோபுரமும் நிலைக்காது என்று காவல்துறையின் ஹெலிகாப்டரிலிருந்து எச்சரிக்கை வந்தது. காவலர் பலர் அதைத் தம் ரேடியோவில் கேட்டனர். தீயணைப்புத் துறையின் ரேடியோ வேறு அமைப்பைச் சேர்ந்ததாகையால், அவ்வெச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. அன்று உயிர்நீத்த தீயணைப்பு வீரர்கள் 343 பேர். செய்தி எட்டாமை ஒன்றே அத்தனை உயிரிழப்புக்கும் காரணம் எனக் கூறுவதற்கில்லை. ஆயினும், வெளியேறியிருக்கக்கூடிய சிலரேனும் உள்ளேயே நின்றுவிட்டனர் என்பதை மறுக்க இயலாது. இந்நிகழ்ச்சியை ஆராய்ந்த விசாரணைக் குழு, பொதுப் பாதுகாப்புப் பணிகளுக்கு அதிக அலைவரிசை ஒதுக்கப்பட வேண்டுமென 2004இல் பரிந்துரைத்தது.

பொது வலையமைப்பு போதாதா?

எல்லோரிடமும் செல்போன் இருக்கும்போது தனி ஏற்பாடு எதற்கு என்ற ஐயம் எழலாம். எல்லா மடைகளையும் ஒரே வேளையில் திறந்துவிட்டால் வாய்க்காலில் எந்த வயலுக்கும் போதிய நீர் ஏறாது. ஆபத்து நேரத்தில் செல்போன் கோபுரத்தின் நிலையும் அதுவே. ஊரார் யாவரும் உறவினரை அழைக்க, உயிர் காக்கும் அழைப்பும் நெரிசலில் சிக்கிக்கொள்கிறது. 2018இல் கலிபோர்னியா மாநிலத்தில் பெருங்காட்டுத்தீ மூண்டபோது, ஒரு தீயணைப்புத் துறை தன் மாத அளவைக் கடந்துவிட்டது என்பதற்காக, அதன் கட்டளை வண்டியின் இணைய வேகத்தைத் தொலைபேசி நிறுவனம் வெகுவாகக் குறைத்துவிட்டது. வணிக விதி ஆபத்தை அறியாது என்பதற்கு இது தக்க சான்று.

திட்டமிட்ட முறை

2012 பிப்ரவரியில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ‘ஃபர்ஸ்ட்நெட்’ என்னும் ஆணையம் தோன்றியது. 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும், 700 கோடி டாலர் நிதியும் அதற்கு ஒதுக்கப்பட்டன. ஆணையம் உடனே கோபுரம் நட முற்படவில்லை. மாநிலந்தோறும் உள்ளூர் அமைப்புகளையும் பழங்குடியினரையும் கலந்து, எங்கே தொடர்பு தேவை, யாருக்குத் தேவை என்று கேட்டறிந்தது. 2017 மார்ச்சில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்துடன் 25 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒவ்வொரு மாநில ஆளுநருக்கும் தனித்தனித் திட்டம் அளிக்கப்பட்டது. ஏற்கவும், விலகித் தாமே கோபுரங்களை அமைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் 50 மாநிலங்களும் ஏற்றுக்கொண்டன.

இவ்வமைப்பின் உயிர்நாடி முன்னுரிமை ஆகும். இந்த அலைவரிசை ஓய்வாக இருக்கும்போது பொதுமக்களும் பயன்படுத்தலாம். மீட்புப் பணியாளர் வந்தவுடன் வழிவிட்டாக வேண்டும். இடமில்லையேல் பொது இணைப்புகள் விலக்கப்படும். எனினும், உதவி கோரிப் பொதுமக்கள் அவசர எண்ணுக்கு விடுக்கும் அழைப்பு விலக்கப்படுவதில்லை.

கடைமடையின் உரிமை

ஆள் நிறைந்த நகரில் கோபுரம் நாட்டினால் நிறுவனத்திற்கு இலாபம். சிற்றூரில் நாட்டினால் செலவே மிகும். இதை முன்னறிந்தே, ஒவ்வொரு கட்டத்திலும் கிராமப் பகுதிகளுக்கும் கணிசமாகத் தொடர்பு சென்று சேர வேண்டுமெனச் சட்டத்திலேயே விதித்தனர். கோபுரம் இல்லாத இடத்திற்கும், கோபுரம் சாய்ந்த இடத்திற்கும் செல்வதற்கெனச் செயற்கைக்கோள் இணைப்புடன் கூடிய நடமாடும் கோபுர வண்டிகளும் ஆயத்தமாக வைக்கப்பட்டன. தலைமடையார் எடுத்தது போகக் கடைமடைக்கு எனக் காத்திராமல், தொடக்கத்திலேயே பங்கை எழுதிவைத்தது போற்றத்தக்கது.

இவ்வமைப்பு குறையற்றது என நாம் கூறவில்லை. 2024 பிப்ரவரி 22இல் அந்நிறுவனத்தின் வலையமைப்பு தவறான அமைப்பினால் முடங்கியது. 9 கோடியே 20 லட்சத்திற்கும் மேற்பட்ட அழைப்புகள் தடைப்பட்டன. மீட்புப் பணியாளரின் இணைப்பும் அறுந்தது; ஆனால் அதுவே முதலில் சீர்செய்யப்பட்டது. எவ்வளவு சிறந்த அமைப்பாயினும் மாற்று வழி ஒன்று கைவசம் இருக்க வேண்டும். இதனாலேயே அங்குப் பழைய கைரேடியோக்கள் இன்னும் கைவிடப்படவில்லை.

நாம் செய்யத்தக்கது

நம் நாட்டிற்கும் இத்தகைய வலையமைப்பு வேண்டுமென இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஜூனில் பரிந்துரைத்தது. அவ்வாண்டு நவம்பரில் கஜா புயல் வீசியபோது டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரமின்றிச் செல்போன் கோபுரங்களும் ஊமையாயின. அலைவரிசை ஒதுக்குவது அரசின் வேலை. ஆனால் எந்தக் குடியிருப்பில் தொடர்பு கிட்டுவதில்லை, வெள்ளத்தில் முதலில் துண்டிக்கப்படும் சாலை எது, புயல் பாதுகாப்பு மையத்தில் மின்கலமோ ஜெனரேட்டரோ எத்தனை மணி நேரம் தாங்கும், தொடர்பு அற்றபோது ஏரிக்கரை உடைப்பைச் சொல்ல ஓடவேண்டியவர் யார் என்பனவற்றை ஊரார் அன்றி வேறெவரும் திருத்தமாகச் சொல்ல இயலாது.

ஆகவே அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இந்நான்கு கேள்விகளையும் எடுத்துக்கொண்டு, விடைகளை எழுத்தில் பதிந்து, ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துடன் இணைத்து ஒன்றிய அலுவலகத்திற்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒரு தாளில் அடங்கும் வேலை இது. திட்டம் வகுப்போர் கேட்கும் நாளில் விடை நம் கையில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.