மர நிழல் ஏன் குளிர்கிறது?

சேலத்தை அடுத்த கருப்பூரில், 1997இல் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகம் உள்ளது. கோடை நண்பகலில் அங்கும் மாணவர்கள் நாடுவது மரத்தடியையே. தகரக் கூரையின் கீழும் நிழல் உண்டு. ஆனால் உடல் தகிக்கிறது. ஏன்?

வெயிலில் காய்ந்த தகரம் அகச்சிவப்புக் கதிர்களைக் கீழ்நோக்கி வீசுகிறது. இலையோ தன் நுண்துளைகள் வழியே நீரை ஆவியாக்குகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோவாட் மின்அடுப்பு 40 நிமிடங்களில் தரும் வெப்பம் இது! இவ்வெப்பத்தை இலையிலிருந்தே நீர் எடுத்துச் செல்வதால், இலை தகரத்தைப் போல் சூடேறுவதில்லை.

வேருக்கு நீர் குறைந்தால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், குளிர்ச்சியும் குறையும். ஆகவே மாணவர்களே, பள்ளியில் மரம் நட்டால் மட்டும் போதாது. அதன் அடியில் சிமெண்டு பூசாமல், மழைநீர் இறங்க மண்ணை விட்டுவையுங்கள்.