வலிக்கிற இடத்தில விரலை வை

தங்கச்சி, அம்மாவைப் பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா? டொக்டர் முதல்ல கேட்கிறது, "எங்க வலிக்குது?"ன்னுதான். நம்ம ஆளுங்க உள்ளங்கையால நெஞ்சுல இருந்து தொப்புள் வரைக்கும் ஒரு தடவு தடவி, "இந்தா, இங்கதான் ஐயா"ம்பாங்க. அந்த ஒரு தடவலுக்குள்ள எத்தனை உறுப்பு இருக்கு! ஒத்தை விரலை வச்சுக் காட்டச் சொல்லு.

வலது விலா எலும்புக்குக் கீழ கல்லீரல், அதை ஒட்டிப் பித்தப்பை. நெஞ்சுக்குழிக்குக் கீழ இரைப்பை. வெறும் வயித்தோட மலைக்குப் போறவங்களுக்கு எரியுறது இங்கதான். வலது அடிவயித்துல குடல்வால். தொப்புளைச் சுத்தி ஆரம்பிச்ச வலி அங்க இறங்கி நிலைச்சிட்டா, கஷாயம், ஒத்தடம்னு நேரத்தைக் கடத்தாதே.

இடுப்பு வலிச்சாலே "கிட்னி போச்சு"ன்னு லயத்துல பயந்துடுறாங்க. கிட்னி ரெண்டும் முதுகுப் பக்கம், கடைசி விலா எலும்பை ஒட்டி இருக்கு. குனிஞ்சு நிமிர்ந்தா கூடி, படுத்தா குறையுற வலி பெரும்பாலும் தசையும் முள்ளந்தண்டும்தான். எப்படிப் படுத்தாலும் அடங்காம கவட்டுப் பக்கம் இறங்குற வலி, கூடவே காய்ச்சல், மூத்திரத்துல எரிவு, இரத்தம்னு இருந்தா கட்டாயம் சொல்லணும்.

தலையைக் குனிஞ்சு பிடரிக்குக் கீழ தடவிப் பாரு. துருத்திட்டு நிக்கிறது பெரும்பாலும் கழுத்தோட ஏழாவது எலும்பு. கழுத்துல இருக்கிறதே 7 எலும்புதான். தலையில கயிறு மாட்டிக் கொழுந்துக் கூடை சுமந்தா பாரம் அதுங்க மேலதான் விழும். கைக்குப் போற நரம்பும் அங்கிருந்துதான் கிளம்புது. அதனால விரல் மரத்துப் போறதையும் கழுத்து வலியையும் சேர்த்தே சொல்லு.

இதயம் நெஞ்சோட நடுவுல, கொஞ்சம் இடது பக்கம் சாய்ஞ்சு இருக்கு. நடு நெஞ்சுல பாறாங்கல்லை வச்ச மாதிரி அழுத்தி, இடது கைக்கோ தாடைக்கோ வலி ஏறி, வேர்த்துக் கொட்டினா "கேஸ்தான்"னு சோடா குடிக்க வைக்காதே. 1990க்கு அடி. சுவசெரிய அம்புலன்ஸ், காசு கிடையாது. மடுல்சீமை மாதிரி தூரத்துல இருக்கிறவங்க பஸ்ஸைப் பார்த்துட்டு நிக்கவே கூடாது.

ரிப்போர்ட்ல ஹீமோகுளோபின்னு ஒரு வரி இருக்கும். பொம்பளைங்களுக்கு 12க்குக் கீழ, வயித்துப் பிள்ளைக்காரிக்கு 11க்குக் கீழ போனா இரத்தசோகை. கிளினிக்ல குடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோட விழுங்காதே. சாயத்துல இருக்கிற டானின் இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும், உடம்புல சேர விடாது. டஸ்ட் தூளைக் கருகருன்னு கொதிக்க வச்சு, சோத்துக் கையோட குடிக்கிற வீடு நம்ம வீடு! சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும்.

பிரஷர்ல மேல் எண் இதயம் சுருங்குறப்போ, கீழ் எண் விரியுறப்போ. 140க்கு 90ன்னு திரும்பத் திரும்ப வந்தா கவனிக்கணும். சீனி பார்க்க ஃபாஸ்டிங்னா குறைஞ்சது 8 மணி நேரம் பச்சைத்தண்ணி மட்டும்தான். விடிகாலைத் தேத்தண்ணியும் கூடாது, அம்மா ஒத்துக்க மாட்டாங்க, நீ பார்த்துக்கோ.

நர்ஸ் மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியலைன்னா விரலை வச்சு, "இங்க வலிக்குது"ங்கிறதைச் சிங்களத்துல "மெத்தன ரிதெனவா"ன்னு சொல்லு, போதும். எப்ப ஆரம்பிச்சது, என்ன செஞ்சா கூடுதுன்னு முந்தின நாளே துண்டுத் தாள்ல எழுதி வை. கிளினிக் கொப்பியோட, தோட்டத்து டிஸ்பென்சரியில குடுத்த மாத்திரையையும் அந்தக் கவரோடவே பைக்குள்ள போட்டுக்கோ. "வெள்ளைக் குளிசை"ன்னு சொன்னா எந்த டொக்டருக்கும் விளங்காது.