ஊருக்குப் போகுமுன் மெயிலையும் பூட்டு

அன்புள்ள யாழினி,

ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது என்று உன் அம்மா சொன்னாள். பெட்டியில் பருப்புப்பொடிக்கும் ஊறுகாய்க்கும் இடம் பிடிக்கும் சண்டை நடக்கிறதாமே. அதற்கு நடுவில் ஒரு மணி நேரம் உன் மெயிலுக்கும் ஒதுக்கு.

அதில் அப்படி என்ன ரகசியம் என்று கேட்பாய். ரகசியமே இல்லாமல் இருக்கட்டும். விசா, பல்கலைக்கழகம், வங்கி என்று எல்லா இடத்திலும் நீ கொடுத்திருப்பது அந்த ஒரே முகவரியைத்தான். எந்தத் தளத்தில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்று அழுத்தினாலும் புதியதற்கான இணைப்பு அங்கேதான் வந்து விழும். மெயில் போனால் மற்றவையும் வரிசையாகப் போகும்.

ஆனால் திருடன் வருவதற்கு முன்பே உன்னை வெளியே நிறுத்திவிடக்கூடியது உன் பூட்டுதான். புது நாட்டிலிருந்து, புதுக் கருவியிலிருந்து நுழைந்தால் ஜிமெயில் சந்தேகப்பட்டு உன் எண்ணுக்கு ஓடிபி அனுப்பலாம். நம்மூர் சிம்மில் ரோமிங் போடாவிட்டாலோ, அதைக் கழற்றிப் பர்சில் வைத்திருந்தாலோ அது வந்து சேராது. ஃபோனே தொலைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆகவே எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பாதே. அதென்டிகேட்டர் செயலி ஒன்றைப் போட்டுக்கொள். 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்க எண்ணை அது ஃபோனுக்குள்ளேயே உண்டாக்கிவிடும், சிக்னலே தேவையில்லை. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் 'பேக்கப் கோடு' என்று இருக்கும், அதையும் எடு. 8 இலக்கத்தில் 10 எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். காகிதத்தில் எழுதி, ஃபோன் இருக்கும் பையில் வைக்காமல் வேறு இடத்தில் வை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபோனிலேயே வைத்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

விமான நிலைய வைஃபை என்றாலே எல்லோரும் பயமுறுத்துவார்கள். அது பாதி பழைய பயம். இன்று ஜிமெயில் போன்றவை எல்லாவற்றையும் மறையாக்கம் செய்துதான் அனுப்புகின்றன. பக்கத்து நாற்காலிக்காரன் எளிதில் படித்துவிட முடியாது. கவனிக்க வேண்டியது, வைஃபையில் சேர்ந்ததும் திறக்கிற பக்கத்தை. விமான நிலையத்தின் பெயரிலேயே எவனும் ஒரு வைஃபை திறந்து, கூகுள் உள்நுழைவுப் பக்கத்தை அச்சு அசலாகக் காட்டலாம். மேலே முகவரியைப் பார். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்கும் பெயர்தான் தளத்தின் உண்மையான பெயர். 'கூகுள்' என்று தொடங்கி வேறு எதிலோ முடிந்தால் மூடிவிடு.

விடுதியின் பொதுக் கணினியில் மெயிலைத் திறக்கவே வேண்டாம். தட்டுவதையெல்லாம் பதிவு செய்யும் மென்பொருள் அதில் இருந்தால், இன்காக்னிட்டோ ஜன்னலாலும் பயனில்லை. போர்டிங் பாஸ் அச்செடுக்க வேண்டுமா? அந்தக் கோப்பை மட்டும் ரிசப்ஷனுக்கு அனுப்பு.

'உங்கள் கார்டு ஏற்கப்படவில்லை, இன்றே உறுதிசெய்யாவிட்டால் அறை ரத்து' என்று ஒரு மெயில் வரலாம். உன் பெயர், தங்கும் தேதி எல்லாம் அதில் சரியாகவே இருக்கும். விடுதியின் கணக்குக்குள் புகுந்தவர்கள் அங்கிருந்தே அனுப்புவதும் உண்டு என்பதால், விவரம் சரியாக இருப்பது மட்டும் சாட்சியாகாது. இணைப்பைத் தொடாமல், விடுதிக்கு நீயே ஃபோன் போட்டுக் கேள். கண்ட கடையெல்லாம் தள்ளுபடிக்கு மெயில் முகவரி கேட்கும். அதற்கென்று உதிரியாக ஒரு கணக்கு வைத்துக்கொள், ஸ்பாம் அங்கே குவியட்டும்.

யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று தோன்றினால் பாஸ்வேர்டை மாற்றி, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு. பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அமைப்புகளுக்குள் போய் 'ஃபார்வேர்டிங்', 'ஃபில்டர்' இரண்டையும் பார். நுழைந்தவன் தன் முகவரியை அங்கே போட்டிருந்தால், பாஸ்வேர்டு மாறிய பிறகும் உன் மெயில்கள் அவனுக்குப் போய்க்கொண்டே இருக்கும். மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் உன்னுடையவைதானா என்பதையும் பார்த்துவிடு.

'பர்ஸ் தொலைந்துவிட்டது, உடனே பணம் அனுப்பு' என்று உன் பெயரில் மெயில் வந்தால், உன்னை அழைத்துப் பேசாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது என்று அம்மாவிடம் நீயே சொல்லிவிட்டுப் போ. நான் சொன்னால் அவள் எங்கே கேட்கப் போகிறாள்!

அன்புடன்,
மாமா