லாரவெல்லில் பயனர் கணக்கு: எதை நீங்களே எழுத வேண்டும்?

கேள்வி: எங்கள் ஊர்க் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு சங்கத்துக்கு ஒன்பது வருடங்களுக்கு முன்பு வெறும் பிஎச்பியில் ஒரு தளம் செய்து கொடுத்தேன். பாவு வாங்கியது, சேலை கொடுத்தது, கூலி பாக்கி எல்லாம் அதில்தான் இருக்கிறது. இப்போது லாரவெல்லுக்கு மாற்றுகிறேன். உறுப்பினர், எழுத்தர், செயலாளர் என்று மூன்று வகைக் கணக்குகள். லாகின் பகுதியைப் பழையபடி நானே எழுதட்டுமா, ஸ்டார்ட்டர் கிட்டை எடுத்துக்கொள்ளட்டுமா? பழைய கடவுச்சொற்கள் எம்டி5-இல் இருக்கின்றன. எல்லாரையும் புதிதாக வைக்கச் சொன்னால் என்னைச் சங்கத்துக்குள் விடமாட்டார்கள்.
- வாசகர், ஆரணி

பதில்: லாகினை எழுதாதீர்கள். லாரவெல் 12-இல் புது ப்ராஜெக்ட் தொடங்கும்போதே ரியாக்ட், வ்யூ, லைவ்வயர் மூன்றில் ஒரு கிட்டைத் தேர்ந்தெடுக்கலாம். பிஎச்பி மட்டும் பழகிய கைக்கு லைவ்வயர் போதும். பதிவு, லாகின், மறந்த கடவுச்சொல், மின்னஞ்சல் சரிபார்ப்பு எல்லாம் அதிலேயே வந்துவிடும். வெளியே தெரியாமல் அது செய்யும் வேலைகள்தான் முக்கியம். உள்ளே நுழைந்ததும் செஷன் எண்ணை மாற்றிவிடும். ஐந்து முறை தவறினால் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும். அந்தத் தவறுகளின் எண்ணிக்கையை மின்னஞ்சலையும் ஐபி முகவரியையும் சேர்த்து வைப்பதால், ஒரே அலுவலக இணைப்பில் ஒருவர் தடுமாறினாலும் பக்கத்து நாற்காலிக்காரர் மாட்டிக்கொள்வதில்லை. கடவுச்சொல் மீட்பு இணைப்பு 60 நிமிடத்தில் காலாவதியாகும். அதன் டோக்கனும் ஹாஷாகத்தான் சேமிக்கப்படும். உங்கள் பழைய தளத்தில் இவற்றில் எத்தனை இருந்தன என்று ஒருமுறை திறந்து பாருங்கள்.

எம்டி5 விஷயத்துக்கு வருவோம். 2013-இல் பிஎச்பி 5.5 வந்தபோதே பாஸ்வேர்ட் ஹாஷ் ஃபங்ஷன் வந்துவிட்டது. சரி, போனது போகட்டும். யாரையும் தொந்தரவு செய்யாமல் இதை மாற்ற முடியும். இருக்கிற எம்டி5 சரங்களை எல்லாம் இன்றே ஒரே மூச்சில் பிகிரிப்ட்டில் போட்டெடுத்து, பயனர் டேபிளில் 'பழையது' என்று ஒரு புலம் சேர்த்துக் குறித்துவிடுங்கள். அந்தக் குறி உள்ளவர் லாகின் செய்யும்போது, தட்டியதை முதலில் எம்டி5 ஆக்கி, பிறகு பிகிரிப்ட்டோடு ஒப்பிட வேண்டும். பொருந்தினால் அந்த நொடியே அசல் கடவுச்சொல்லை நேராக ஹாஷ் செய்து சேமித்து, குறியை எடுத்துவிட வேண்டும். எலோக்வெண்ட் யூசர் ப்ரொவைடரை நீட்டித்து, சரிபார்க்கும் ஒரு மெத்தடை மட்டும் மாற்றி எழுதினால் வேலை முடிந்தது.

இங்கே பலர் ஒரு குறுக்குவழி எடுக்கிறார்கள். குறி எதற்கு, நேராகவும் ஒப்பிடுவோம், எம்டி5 வழியாகவும் ஒப்பிடுவோம், எது பொருந்தினாலும் விடுவோம் என்கிறார்கள். அப்படிச் செய்தால், பழைய டேட்டாபேஸ் எப்போதோ யார் கையிலாவது சிக்கியிருந்தால், அந்த எம்டி5 சரத்தையே கடவுச்சொல்லாகத் தட்டி உள்ளே வந்துவிடலாம். ஆகவே குறி கட்டாயம் வேண்டும். பென்டிரைவிலும் மெயிலிலும் கிடக்கும் பழைய பேக்கப்புகளையும் தேடி அழியுங்கள்.

கிட் தராதது ஒன்று உண்டு. உங்கள் சங்கத்தில் யார் என்ன செய்யலாம் என்பது அதற்குத் தெரியாது. நேரத்தை அங்கே செலவிடுங்கள். மூன்று வகைக் கணக்கு என்கிறீர்கள். எழுத்தர் வீட்டிலும் தறி ஓடினால் அவர் எந்த வகை? தன் கூலியைத் தானே திருத்திக்கொள்வாரா? போனே இல்லாத வயதான நெசவாளரும் உறுப்பினர்தானே, அவருக்கு எதற்குக் கணக்கு? உறுப்பினர் என்பது ஒரு டேபிள், பயனர் என்பது வேறு டேபிள். உறுப்பினர் வரிசையில் பயனர் எண் காலியாகவும் இருக்கலாம். செயலாளர், எழுத்தர் என்பவை பயனருக்கான பொறுப்புகள். அதற்கு ஒரு ஈனம் (enum) புலம் போதும். ஸ்பாட்டியின் பெர்மிஷன் பேக்கேஜை எல்லாரும் சிபாரிசு செய்வார்கள். நல்ல பேக்கேஜ்தான், ஆனால் உங்களுக்கு அது அதிகம்.

உண்மையான விதிகளைப் பாலிசி கிளாஸில் எழுதுங்கள். கூலிப் பட்டியலை எழுத்தர் திருத்தலாம், செயலாளர் ஒப்புதல் தந்தபின் கூடாது, தன் பெயரில் உள்ள வரியை எப்போதுமே கூடாது. பொறுப்பை மட்டும் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது; எந்தப் பட்டியல், என்ன நிலையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பொறுப்புப் புலத்தை ஃபில்லபிள் பட்டியலில் சேர்க்கவே கூடாது. ஃபார்மில் வந்ததை அப்படியே மாடலுக்குள் கொட்டினால், ஒருவர் கூடுதலாக ஒரு புலத்தை அனுப்பித் தன்னைச் செயலாளராக்கிக்கொள்வார். ரெயில்ஸில் எழுதப்பட்ட கிட்ஹப்பே 2012 மார்ச்சில் இந்த ஓட்டையில் மாட்டியது.

எழுத்தர் வேலையை விட்டுப் போனால் கணக்கை அழிக்காதீர்கள். பழைய பதிவுகளில் அவர் எண் இருக்கிறது. முடக்கி வையுங்கள். லாகினில் மட்டும் சோதித்தால் போதாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் செஷன் தொடரும். 'நினைவில் வை' என்று டிக் செய்திருந்தால் மாதக்கணக்கில் தொடரும். முடக்கும்போதே செஷன்ஸ் டேபிளில் அவருடைய வரிகளை நீக்கி, ரிமெம்பர் டோக்கனையும் மாற்றுங்கள்.

மின்னஞ்சல் இல்லாத உறுப்பினர்களுக்குக் கைபேசி எண்ணைப் பயனர் பெயராக வைக்கலாம். ஓடிபி அனுப்புவதானால் டிஎல்டி பதிவு, டெம்ப்ளேட் ஒப்புதல் என்று அலைய வேண்டும். அதை முதலிலேயே தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: கடவுச்சொல்லைத் தமிழில் வைக்க அனுமதிக்கலாமா?
- மாணவி, சேலம்

பதில்: தாராளமாக. இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். யூனிகோடில் 'கொ' என்பதில் வரும் துணைக்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு பகுதியாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஹாஷ் மட்டும் வேறாகிவிடும். வீட்டில் வேலை செய்த கடவுச்சொல் அலுவலகக் கணினியில் தவறு என்று வரக்கூடும். பதியும்போதும் சோதிக்கும்போதும் இன்டில் எக்ஸ்டென்ஷனின் நார்மலைசர் வழியாக அனுப்புங்கள்.

அடுத்தது நீளம். பிகிரிப்ட் முதல் 72 பைட்டை மட்டுமே பார்க்கும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் 3 பைட் எடுப்பதால் 24 குறிகளுக்கு மேல் வீண். மேல் எல்லையைப் பைட்டில் சோதியுங்கள். இல்லையேல் ஆர்கான்2-க்கு மாறுங்கள். கீழ் எல்லையில் லாரவெல் எண்ணுவது குறிகளை. 'பூங்கொடி' நமக்கு நான்கு எழுத்து, அதற்கு எட்டு. குறைந்தபட்சம் 8 என்று விட்டால் இந்த ஒற்றைப் பெயரே தேறிவிடும். 14-க்கு மேல் வையுங்கள்.