கரும்பில் தொடங்குங்கள், டீச்சர்



மறையூருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் பாடப்புத்தகத்துக்கு வெளியே போக ஆசைப்படுகிறீர்கள். அந்த ஆசை குறையாமல் இருக்கட்டும். டிசம்பரில் ‘குளிர்காலப் பண்டிகைகள்’ என்று கிறிஸ்துமஸ், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் குவான்சா, நம் பொங்கல் மூன்றையும் நடத்த நினைக்கிறீர்கள். பிப்ரவரியில் ‘கறுப்பின வரலாறு’ என்று மார்ட்டின் லூதர் கிங், ரோசா பார்க்ஸ் படங்களை ஒட்டி ஒரு சார்ட். இரண்டுக்கும் நடுவில் பஞ்சு ஒட்டிய பனிமனிதன். இதே மாதிரி யோசனையோடு வேறு சில இளைய ஆசிரியர்களும் கேட்டிருப்பதால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

பனிமனிதனை விட்டுவிடுங்கள். ஜனவரி விடியலில் வட்டவடையிலும் மூணாறு எஸ்டேட்டுகளிலும் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். உறைபனியில் தேயிலை கருகினால் வீட்டில் என்ன பேச்சு எழும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் குளிரைக் காட்டப் பஞ்சு எதற்கு?

டிசம்பரில் உங்களுக்கு நேரமும் இருக்காது. கிறிஸ்துமஸ் பரீட்சை, விடைத்தாள், கேக் வெட்டு, பத்து நாள் லீவு என்று மாதம் ஓடிவிடும். பள்ளி திறந்து பொங்கல் வருவதற்குள் இருக்கிற நாட்கள்தான் உங்களுடையவை. நம் இடுக்கி மாவட்டத்தில் பொங்கலுக்கு உள்ளூர் விடுமுறை உண்டு. எர்ணாகுளத்தில் கிடையாது. பாடத்தை இங்கேயே தொடங்கலாம். பண்டிகைக்கு யாருக்கு லீவு, யாருக்கு இல்லை? போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கரும்பு ஆலை, எஸ்டேட், வீட்டு அடுப்படி என்று பிள்ளைகளே வரிசையாகச் சொல்வார்கள். அடுப்படியை யாராவது ஒரு பெண்பிள்ளை கட்டாயம் சொல்லும். இந்தக் கேள்வியை இறுகப் பிடித்துக்கொண்டால் பண்டிகைக்கு ஒரு மாதம், வரலாற்றுக்கு ஒரு மாதம் என்று பிரிக்கவே வேண்டியதில்லை.

அடுத்து கரும்பு. மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது; பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அதைக் காய்ச்சும் வேலை உங்கள் பிள்ளைகளுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். கரும்பு வெட்டிக் கட்டுக் கட்டுவது, ஆலையில் கொடுப்பது, சாற்றைக் கொப்பரையில் ஊற்றிச் சுண்ணாம்பு சேர்த்து அழுக்கு நுரையை எடுப்பது, காய்ந்த சக்கையையே அடுப்புக்குப் போடுவது, பாகு பதம் பார்ப்பது, சூடு ஆறுமுன் கையால் உருட்டுவது. ஒவ்வொரு வேலையையும் யார் செய்கிறார்கள், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள், எங்கிருந்து வந்தவர்கள், கையில் எங்கே சூடுபட்ட தழும்பு இருக்கிறது என்று பிள்ளைகள் விசாரித்து எழுதிவரட்டும். ஐந்தாம் வகுப்புக்கு இது ஒரு வாரத்து வேலை. அவசரப்படுத்தாதீர்கள்.

அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு அடிமைமுறைக் காலத்து ஜமைக்காவுக்குப் போங்கள். அங்கேயும் அதே கரும்பு, அதே ஆலை, அதே கொப்பரை. வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கப்பலேற்றி விற்கப்பட்டவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். கூலி கிடையாது. கிறிஸ்துமஸை ஒட்டிக் கிடைக்கிற சில நாள்தான் வருஷத்தின் பெரிய விடுமுறை. அது முடிந்ததும் கரும்பு வெட்டுக் காலம் ஆரம்பிக்கும். இரவு பகலாக ஆலை ஓடும். 1831இல் சாமுவேல் ஷார்ப் என்ற மனிதர், அவரும் அடிமைதான், எழுதப் படிக்கத் தெரிந்தவர், பாப்டிஸ்ட் சபையில் உபதேசம் செய்தவர், ஒரு திட்டம் வகுத்தார். லீவு முடிந்த பிறகும் யாரும் வேலைக்குப் போகக் கூடாது; கூலி தந்தால்தான் கரும்பில் கை வைப்பது. டிசம்பர் 27 இரவு கென்சிங்டன் தோட்டம் தீப்பிடித்தது. அமைதியாகத் தொடங்க நினைத்தது பெரும் கிளர்ச்சியாகி, 60,000 பேர் வரை அதில் சேர்ந்தார்கள். அடக்கியபின் 300 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். 1832 மே மாதம் ஷார்ப்பையும் தூக்கிலிட்டார்கள். அடுத்த வருஷமே பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டத்துக்குப் பல காரணங்கள் உண்டு, ஆனால் இந்த டிசம்பரை ஒதுக்கிவிட்டு அதைச் சொல்ல முடியாது.

இதற்குமேல் ஒரு கிறிஸ்துமஸ் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. இதைக் கேட்டதும், மூணாறில் 2015 செப்டம்பரில் போனஸ் குறைப்பை எதிர்த்துத் தோட்டப் பெண்கள் சாலையில் உட்கார்ந்ததை, பெம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டதை, அதில் தன் அம்மாவோ அத்தையோ இருந்ததைச் சொல்ல உங்கள் வகுப்பில் யாராவது கை தூக்கலாம். அப்போது நீங்கள் பேசாதீர்கள். பிள்ளை பேசட்டும்.

அடிமைமுறை போனபின் கரும்பு நின்றுவிடவில்லை. ஆள் மாறியது. 1834 முதல் மொரீஷியஸுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். அவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். இந்த மலைகளில் தேயிலை வைத்தபோது திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துச் சனங்களைக் கங்காணிகள் முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்தார்கள். தலையார், வாகுவாரை எஸ்டேட் பிள்ளைகளுக்கு இது தாத்தா பாட்டி கதை. இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். ‘நாமும் அடிமைகள்தான், அவர்களும் அடிமைகள்தான்’ என்று உணர்ச்சி வேகத்தில் சொல்லிவிடுவது சுலபம். மேடைக்கு அது சரி, வகுப்புக்குச் சரியில்லை. அடிமை என்றால் ஆளே முதலாளியின் சொத்து. பிறக்கிற குழந்தையும் சொத்து. ஒப்பந்தக் கூலிக்குக் காலக்கெடு போட்ட ஒரு காகிதம் இருந்தது, அதில் எத்தனை மோசடி நடந்தாலும். கங்காணியிடம் பட்ட கடன் இன்னொரு வகைச் சங்கிலி. மூன்றுக்கும் உள்ள ஒற்றுமையைப் போலவே வித்தியாசத்தையும் ஏழாம் வகுப்புப் பிள்ளை சொல்லத் தெரிந்துகொண்டால் உங்கள் பாடம் பலித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அதோடு, அடிமைமுறை எங்கோ கடல் கடந்த நாட்டுக் கதை என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் வீட்டுக்குப் போகக் கூடாது. திருவிதாங்கூரில் 1855 வரை சட்டப்படியே மனிதர்களை விற்றார்கள், வாங்கினார்கள். புலையர், பறையர், குறவர் குடும்பங்கள் நிலத்தோடு கைமாறின, நிலமில்லாமலும் கைமாறின. அடிமைக் குடும்பங்களின் நினைவைச் சமூகச் சீர்திருத்தவாதி பொய்கையில் யோகன்னான் பாட்டாகவே கட்டித் தன் சபையில் பாடவைத்தார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவில்லையென்றால் வயலில் இறங்க மாட்டோம் என்று தலித் தலைவர் அய்யங்காளி சொல்லியிருந்த தெற்குத் திருவிதாங்கூரில், 1910இல் பஞ்சமி என்ற சிறுமியை அவர் ஊரூட்டம்பலம் பள்ளிக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அதைப் பொறுக்காத ஆதிக்க சாதியினர் அந்தப் பள்ளியைக் கொளுத்தினார்கள். எரிந்ததில் மிஞ்சிய பெஞ்சு இன்றும் அந்தப் பள்ளியில் இருக்கிறது. 2022இல் பள்ளிக்கே அய்யங்காளி, பஞ்சமி பெயர்களைச் சூட்டினார்கள். ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்தது 1955இல். உங்கள் சார்ட்டில் இந்த இரண்டு இருக்கைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

கிங்கைச் சொல்வதானால் வாஷிங்டனில் தொடங்காமல் திருவனந்தபுரத்தில் தொடங்குங்கள். 1959இல் மனைவி கொரட்டாவோடு இந்தியா வந்தவர், அங்கே ஒரு பள்ளிக்குப் போனார். தீண்டாமைக்கு உள்ளான குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளி. பிள்ளைகளிடம் அவரை அறிமுகப்படுத்திய தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர் என்று சொன்னாராம். கிங்குக்கு முதலில் சுருக்கென்றிருக்கிறது. பிறகு தன் நாட்டில் தன் மக்கள் வாழும் நிலையை நினைத்துப் பார்த்து, ஆமாம், நான் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டதாக 1965 ஜூலை 4 அன்று தன் சபையில் செய்த பிரசங்கத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஏன் முதலில் கோபம் வந்தது, ஏன் பிறகு போனது? இந்த ஒரு கேள்விக்கு ஒரு பீரியட் முழுசாகக் கொடுங்கள்.

செய்யக் கூடாதவை சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். நாடகம் போடும்போது பிள்ளைகளின் முகத்தில் கரி பூசாதீர்கள். நம் பள்ளி ஆண்டுவிழாக்களில் இது இன்னும் நடக்கிறது. அதைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள். அடிமை ஏலம் நடத்திக் காட்டும் விளையாட்டும் வேண்டாம். அமெரிக்கப் பள்ளிகளிலேயே அப்படிச் செய்துவிட்டுப் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். மலைப்புலையர் குடியிலிருந்தோ முதுவான் குடியிலிருந்தோ வருகிற பிள்ளையை எழுப்பி ‘உங்க வீட்டுல எப்படி?’ என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். தானாகச் சொன்னால் கேளுங்கள். வீட்டுக் கதை வீட்டுக்குச் சொந்தம். எழுதிவந்ததைச் சுவரில் ஒட்டுவதற்குமுன் அந்தப் பிள்ளையிடமும் வீட்டாரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். சாதிப் பெயர், குடிப் பெயர் எதுவும் சார்ட்டில் ஆள் பெயரோடு சேர்ந்து வரக் கூடாது.

படத்தை ஒட்டுவதற்கு முன்னால் வகுப்பில் யாரை யார் ‘கருவாயா’ என்று கூப்பிடுகிறார்கள் என்று கவனியுங்கள். அந்தப் பட்டப்பெயர் நடமாடுகிற வகுப்பில் கிங் படம் வெறும் காலண்டர்தான். ‘நாமளும் கறுப்புதானே டீச்சர்?’ என்று ஒருவன் கேட்கலாம். அவனுக்கு அ. சிவானந்தனைச் சொல்லுங்கள். இலங்கைத் தமிழர், 1958 இனக்கலவரத்துக்குப் பிறகு லண்டனுக்குப் போனார், போய் இறங்கியபோது நாட்டிங் ஹில்லில் கறுப்பர்களைத் தாக்கும் கலவரம். பிற்பாடு அங்கேயே இன உறவுகள் நிறுவனத்தின் இயக்குநரானார். ஆப்பிரிக்க வம்சாவளியினரும் கரீபியரும் ஆசியரும் சேர்ந்து போராடுவதற்கான அரசியல் அடையாளமாகத் தன்னைக் கறுப்பர் என்றே சொல்லிக்கொண்டவர். 1970களில் தென்னாப்பிரிக்காவில் ஸ்டீவ் பிக்கோவின் கறுப்பு உணர்வு இயக்கமும் இந்திய வம்சாவளியினரைக் கறுப்பர்களாகவே சேர்த்துக்கொண்டது. பையனுக்கு இது போதும். மிச்சத்தை அவனே யோசிப்பான்.

குவான்சாவை ஒரு பீரியடில் முடித்துவிடலாம். மௌலானா கரெங்கா 1966இல் உண்டாக்கியது; டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை, ஏழு மெழுகுவர்த்தி, அறுவடை நினைவு. எல்லாக் கறுப்பினக் குடும்பங்களும் கொண்டாடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘இது அங்குள்ள பொங்கல்’ என்று மட்டும் முடித்துவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால் ஹைட்டிதான் உங்கள் பள்ளிக்குப் பொருத்தம். பிரான்சின் கரும்புக் காலனியாக இருந்த நாடு. அடிமைகள் கிளம்பி, நெப்போலியனின் படையையும் தோற்கடித்து, 1804 ஜனவரி 1 அன்று சுதந்திரம் அறிவித்தார்கள். எஜமானர்களின் மேசைக்கு மட்டுமே போன பூசணி சூப்பை அன்றைக்கு எல்லோரும் குடித்தார்கள் என்பது அங்குள்ள வழக்கு. இன்றும் ஜனவரி 1இல் வீட்டுக்கு வீடு அந்த சூப்தான். 2021இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. பூசணி, முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு. காந்தலூர்க் காய்கறி வண்டியில் இல்லாதது இதில் எது? மாட்டிறைச்சியும் போடுவார்கள், சத்துணவுக் கூடத்தில் காய்கறியோடு நிறுத்திக்கொள்ளலாம். சமைக்கிற அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி, அவரையே வகுப்புக்குக் கூப்பிட்டு, செய்முறையைச் சொல்ல வையுங்கள். பிள்ளைகள் உங்களைவிட அவர் சொல்வதை நன்றாகக் கேட்பார்கள்.

உயர்நிலை வகுப்புக்குப் பாடம் எடுக்க நேர்ந்தால் டிசம்பர் 25ஐ மறக்க வேண்டாம். 1927இல் அந்த நாளில்தான் மகாட்டில் அம்பேத்கர் மனுஸ்மிருதியை எரித்தார். 1968இல் அதே நாள் இரவுதான் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். நெல் கூலியைக் கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். சின்ன வகுப்புக்கு இது கூடாது. ஒன்பது, பத்துக்குச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்; ஆனால் மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது தொடங்காதீர்கள். அழுகிற பிள்ளையோடு உட்கார உங்களுக்கு நேரம் இருக்க வேண்டும்.

பிப்ரவரியைக் கறுப்பின வரலாற்றுக்குத் தேர்ந்தெடுத்தவர் கார்ட்டர் உட்சன். அடிமைகளாக இருந்த பெற்றோரின் மகன், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்துகொண்டே படித்தவர், 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1926இல் அவர் ஒரு வாரமாகத் தொடங்கியது, ஐம்பது வருஷம் கழித்து மாதமாகியது. நம் ஊருக்கு அப்படி ஒரு வாரம் வைப்பதானால் எந்த வாரம், யாருக்காக என்று பிள்ளைகளிடம் கேட்டு ஓட்டெடுங்கள். உங்கள் விருப்பத்தை ஓட்டு முடிகிறவரை சொல்லாதீர்கள்.

பிப்ரவரியில் ஸ்காலர்ஷிப் தேர்வு என்று ஸ்டாஃப் ரூமில் முணுமுணுப்பு எழும். விசாரித்து எழுதியது மொழிப்பாடம், காய்ச்சும் முறை அறிவியல், ஜமைக்கா சமூக அறிவியல் என்று டீச்சிங் நோட்டில் பிரித்து எழுதிவிடுங்கள், ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போடுவார். பெற்றோர் கூட்டத்துக்குக் கரும்பு ஆலைக்காரர்களையும் அழைக்கிற எண்ணம் இருந்தால், கொப்பரை இறங்கியபின் ஒரு நேரத்தைக் கேட்டுவைத்து அதற்குத் தகுந்தாற்போல் கூட்டத்தை வையுங்கள். பதினொரு மணிக்கு வைத்தால் யாரும் வர முடியாது.

அன்புடன்,
உங்கள் தொழிலில் முன்னால் நடந்த ஒரு சார்